ஹன்ட்ஸ்வில் பேப்பரின் நாலாம் பக்கம்

செவ்வாய்

அமெரிக்காவில் ஹன்ட்ஸ்வில் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ராக்கெட்டைப் பார்த்துவிட்டு வா என்றார்கள். பார்த்தாயிற்று. நெடுஞ்சாலையில் வரும்போதே, மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முழு அளவு மாதிரி நெட்டுக்குத்தலாக நிற்கிறது, தம்பி மகள் பின் சீட்டிலிருந்து "அத்தை, லெஃப்ட்ல பாருங்க" என்று கத்தினாள், நானும் பார்த்தேன், ராக்கெட் விஷயம் அத்தோடு முடிந்தது.

நான் தேடி வந்தது இந்த ஊர் பிறந்த காலத்துச் செய்தித்தாள்களை, அதிலும் விளம்பரப் பக்கங்களை. நில ஏலம், கோர்ட் நோட்டீஸ், கூட்டு வியாபாரம் கலைந்த அறிவிப்பு, பிலடெல்பியாவிலிருந்து சரக்கு வந்திறங்கிய செய்தி, இதெல்லாம். திருநெல்வேலியில் சிவில் கேஸ் பார்க்கிற எனக்கு இது ஒரு தொழில் கிறுக்கு. வீட்டுக்குப் பேப்பர் வந்தால் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டுப் பொது அறிவிப்புப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பேன். யார் சொத்து ஏலத்துக்கு வருகிறது, யார் மூலப் பத்திரத்தைத் தொலைத்தார்கள், எந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தம்பி இங்கே ராணுவ ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். "அக்கா, ஊர் உலகமெல்லாம் ராக்கெட் பாக்க வருது, நீ ஏல நோட்டீஸ் படிக்க வந்திருக்கே" என்றான். சரி, அவனவன் ருசி.

அலபாமா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், டென்னசி ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊர். நடுவில் கோர்ட் இருக்கும் சதுக்கம். கோர்ட் கட்டடம் 1960-களில் கட்டிய ஒரு பெட்டி, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில் தரை சடாரென்று கீழே இறங்குகிறது, அந்தப் பாறைச் சரிவின் அடியில்தான் பிக் ஸ்பிரிங் என்கிற ஊற்று. இப்போது பூங்கா, குளம், வாத்து. ஊர் இங்கே அமைந்ததற்குக் காரணமே இந்தத் தண்ணீர்தான். 1805-இல் ஜான் ஹன்ட் என்பவர் வந்து ஊற்றுக்கு மேலே மரவீடு கட்டிக் குடியேறினார். செரோக்கி, சிக்கசா பழங்குடி மக்களின் நிலத்தை அமெரிக்க அரசு ஒப்பந்தங்கள் போட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஹன்டுக்குப் பட்டா கிட்டா எதுவும் கிடையாது, உட்கார்ந்த இடம் அவர் இடம், அவ்வளவுதான். 1809-இல் அரசு நாஷ்வில்லில் வைத்து நிலங்களை ஏலம் விட்டபோது லீராய் போப் என்கிற பணக்காரத் தோட்டக்காரர் ஊற்று இருந்த நிலத்தை ஏக்கர் 23.50 டாலருக்கு எடுத்தார். அரசின் குறைந்தபட்ச விலை 2 டாலர். கூடுதலாகக் கொடுத்தது மண்ணுக்கு இல்லை, தண்ணீருக்கும், அதைச் சுற்றி வரப்போகிற ஊருக்கும். ஊருக்கு டுவிக்கன்ஹாம் என்று பெயரும் வைத்தார், அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலக் கவிஞர் வாழ்ந்த இடத்தின் பெயர் அது. இங்கிலாந்தோடு சண்டை மூளும் சூழ்நிலையில் ஆங்கிலப் பெயர் யாருக்கும் பிடிக்கவில்லை, 1811-இல் மறுபடி ஹன்ட்ஸ்வில் ஆனது. ஊற்று நிலம் கைக்கு வராத ஹன்டின் பெயர் ஊருக்கு, நிலத்தை எடுத்த போப்பின் டுவிக்கன்ஹாம் இன்று ஒரு பழைய தெருப் பகுதிக்கு மட்டும்.

நில ஏலத்தின் கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எல்லாம் இதில்தான் வந்து முட்டும். 6 மைலுக்கு 6 மைல் என்று ஒரு சதுரம், அதற்குள் 36 பிரிவு, பிரிவுக்கு 640 ஏக்கர். அதில் 16-ஆம் எண் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கீடு. சாதாரணமாகக் கால் பிரிவு, அதாவது 160 ஏக்கர் வாங்கலாம். முதலில் கால் பங்குத் தொகை கட்டினால் போதும், மீதியை நாலு வருஷத்துக்குள் தவணையில் கட்டலாம். ஏலம் எங்கே, எந்தத் தேதியில், எந்தெந்த எண்கள் என்பதை ஜனாதிபதியின் பிரகடனமாகப் பத்திரிகைகளில் போடுவார்கள். பத்தி பத்தியாக எண்கள், படிக்கச் சகிக்காது. ஆனால் அந்தக் காலத்தில் இதைவிட ஆவலாகப் படிக்கப்பட்ட செய்தி இந்தப் பக்கத்தில் வேறு இருந்திருக்காது.

புதன்

இன்று கான்ஸ்டிடியூஷன் ஹால் என்கிற இடம். சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரம்தான். 1819 ஜூலை 5 முதல் ஆகஸ்ட் 2 வரை 22 கவுண்டிகளிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) 44 பேர் இங்கே கூடி அலபாமா மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுதினார்கள். கூடின இடம் ஒரு மரச்சாமான் பட்டறை, அப்போது காலியாக இருந்ததாம், அவ்வளவு பேர் உட்கார வேறு இடம் ஊரில் இல்லை. இப்போது இருப்பது பின்னாளில் மறுபடி கட்டியது. பக்கத்திலேயே ஒரு வக்கீல் ஆபீஸ், நில அளவை ஆபீஸ், தபால் ஆபீஸ், கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீஃபின் வீடு, அச்சுக்கூடம். ஒரு ஊரின் அதிகாரம் முழுவதும் கூப்பிடு தூரத்துக்குள். வக்கீல் ஆபீஸ் கிளெமென்ட் கோமர் கிளேயுடையது, அவர் பிற்பாடு கவர்னர் ஆனார். உயரமான எழுது மேசை, மைக்கூடு, இறகு, தோல் அட்டைப் புத்தகங்கள். அந்த அறையில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன், நாற்காலியில் உட்காரவும் ஆசைதான், கயிறு கட்டியிருந்தார்கள்.

அச்சுக்கூடம்தான் எனக்கு முக்கியம். 'அலபாமா ரிபப்ளிகன்' பத்திரிகை நடத்திய ஜான் போர்ட்மன் பெயரில் அந்தக் கட்டடம். பழைய காலத்து உடை போட்ட ஒரு இளைஞர் எழுத்துக் கோர்த்துக் காட்டினார். இடது கையில் சின்ன உலோகத் தட்டு, வலது கை பெட்டி அறைகளுக்கு மேலே பறக்கிறது, ஈய எழுத்துகளைத் தலைகீழாக ஒவ்வொன்றாக நிறுத்துகிறார், ஒரு வரி முடிந்ததும் இடைவெளித் துண்டுகளைச் செருகி இறுக்குகிறார். தோல் உருண்டையில் மை தொட்டு எழுத்துகள் மேல் தட்டி, ஈரப்படுத்திய தாளை வைத்து, கைப்பிடியைப் பிடித்து உடம்பே சாய்கிற மாதிரி இழுத்தால் ஒரு பக்கம். இரண்டு பேர் நன்றாக வேலை செய்தால் மணிக்கு 250 தாள் வரை ஒரு புறம் அச்சடிக்கலாம். ஒரே பெரிய தாள், நடுவில் மடித்தால் நாலு பக்கம். ஒன்றும் நாலும் சேர்ந்த வெளிப்புறத்தை வாரத்தின் தொடக்கத்திலேயே அடித்துவிடுவார்கள், புதுச் செய்திக்காக உள்பக்கம் காத்திருக்கும்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எழுத்துக் கோர்ப்பதுதான் உயிரை வாங்குகிற வேலை. ஒரு கோர்ட் நோட்டீஸைக் கோர்த்துவிட்டால் கலைக்காமல் அப்படியே எடுத்து வைத்து நாலு வாரம், எட்டு வாரம் திரும்பத் திரும்பப் போடலாம். பத்திரிகைக்காரருக்கு அது உட்கார்ந்த இடத்தில் வருமானம். அதனால்தான் அன்றைய தென்மாநிலப் பத்திரிகைகளில் ஒரு சதுர அளவுக்கு முதல் முறை 1 டாலர், தொடர்ந்து வரும் ஒவ்வொரு முறைக்கும் 50 சென்ட் என்கிற மாதிரி கட்டணம் வைத்திருந்தார்கள். வருஷச் சந்தா 3 டாலர், 4 டாலர் என்று அச்சில் இருக்கும், ஆனால் சந்தாதாரர் நேரத்துக்குக் கொடுக்க மாட்டார், ஆசிரியர் தன் பத்திரிகையிலேயே கெஞ்சி எழுதுவார். ஷெரீஃபும் கோர்ட்டும் நில ஆபீஸும் கொடுக்கிற அறிவிப்புப் பணத்தில்தான் அச்சுக்கூடம் ஓடியது. ஊர்க்காரர்கள் நாட்டு நடப்பைப் படித்துக்கொண்டிருந்தது, கடன்பட்டவன் சொத்து ஏலத்துக்கு வந்ததால் கிடைத்த காசில்.

1819 ஜூன் தொடக்கத்தில் ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ சொல்லாமல் கொள்ளாமல் இந்த ஊருக்கு வந்து இறங்கினார். அவசர அவசரமாக விருந்து, வாழ்த்துரைகள், பத்திரிகையில் முழு விவரம். அதெல்லாம் உள்பக்கம். நான் நாளைக்கு நூலகத்தில் பார்க்கப்போவது வெளிப்பக்கம்.

வியாழன்

நாள் முழுவதும் மன்றோ தெருவில் இருக்கும் பொது நூலகத்தில். மைக்ரோஃபிலிம் கருவியில் சுருளை மாட்டிச் சுழற்றினால் பக்கங்கள் சர்ரென்று ஓடும், ஒரு மணி நேரத்தில் கப்பலில் போகிற மாதிரி குமட்டல் வந்துவிடும். அங்கே இருந்த அம்மா இதைப் பார்த்துப் பழகியவர் போல, "மெதுவாகச் சுற்றுங்கள், நிறுத்தும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றார். உண்மையிலேயே உதவியது.

கோர்ட் நோட்டீஸ்கள் எனக்கு ஊர்க்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தன. வெளிமாநிலத்துக்குப் போய்விட்ட பிரதிவாதிக்கு நோட்டீஸ்: அவர் இந்த மாநிலத்தில் வசிக்கவில்லை என்பது கோர்ட்டுக்குத் திருப்திகரமாகத் தெரிகிறபடியால், ஹன்ட்ஸ்வில்லில் அச்சாகும் ஒரு பத்திரிகையில் இத்தனை வாரம் இதைப் பிரசுரிக்க வேண்டும், வந்து பதில் போடாவிட்டால் வாதி சொன்னதை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். நம் ஊரில் சம்மன் சார்வாகாவிட்டால், அதாவது ஆள் கைக்குப் போய்ச் சேராவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 5 விதி 20-இல் பேப்பர் பப்ளிகேஷனுக்கு மனுப் போடுகிறோமே, அதன் சித்தப்பா பிள்ளை இது. இரண்டுக்கும் பாட்டன் சான்சரி கோர்ட் என்கிற பழைய லண்டன் நீதிமன்றம். டெக்ஸாஸுக்கோ மிசோரிக்கோ ஓடிப்போனவன் ஹன்ட்ஸ்வில் பேப்பரை எங்கே பார்க்கப்போகிறான்? பார்க்க மாட்டான் என்பது கோர்ட்டுக்கும் தெரியும். ஆனாலும் போட்டாக வேண்டும்.

இறந்தவர் சொத்து அறிவிப்புகள் நிறைய. கடன் கொடுக்க வேண்டியவர்கள் உடனே கொடுங்கள், வர வேண்டியவர்கள் கெடுவுக்குள் கணக்கைக் காட்டுங்கள், இல்லையென்றால் உரிமை போய்விடும். வீட்டுச் சாமான் ஏலம், தக்க ஜாமீனோடு பத்திரம் எழுதிக் கொடுத்தால் 12 மாதத் தவணை. தபால் ஆபீஸில் கேட்பாரற்றுக் கிடக்கும் கடிதங்களின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வெறும் பெயர்களாக. அப்போது கடிதத்துக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் வாங்குகிறவர்தான், 400 மைலுக்கு மேல் வந்த கடிதம் என்றால் தாளுக்கு 25 சென்ட். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் யார் கொடுப்பார்கள்? வெகுநாள் கிடந்தால் வாஷிங்டனுக்குப் போய்விடும்.

அப்புறம் மனைவி ஓடிப்போன அறிவிப்புகள். காரணமின்றி என் வீட்டையும் படுக்கையையும் விட்டுப் போய்விட்டாள், இனி அவள் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை. வாசிக்க வேடிக்கையாக இருக்கும், சட்டம் தெரிந்தால் வேடிக்கை இல்லை. அன்றைய சட்டப்படி மனைவிக்குத் தனிச் சொத்து கிடையாது, அவள் கடையில் வாங்கும் அத்தியாவசியச் சாமானுக்குப் புருஷன் பொறுப்பு. அந்த ஒரே ஒரு கதவையும் 1 டாலரில் மூடுகிற வேலைதான் இந்த அறிவிப்பு. விவாகரத்து கேட்கலாமே என்றால், நேற்றுப் பார்த்த பட்டறையில் எழுதின அரசியல் சட்டப்படி சான்சரி கோர்ட் தீர்ப்பு கொடுத்தாலும் போதாது, சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மூன்றில் இரண்டு! ஒரு புருஷனை விட்டுப் பிரிய. அந்தப் பெண்களில் எத்தனை பேர் எதிர் அறிவிப்புக் கொடுக்கக் காசு வைத்திருந்திருப்பார்கள்?

மதியத்துக்கு மேல் படித்ததைத்தான் எழுதத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். வழிதவறித் திரிந்த குதிரையைப் பிடித்துக் கட்டியவர், சமாதான நீதிபதி முன்னால் போய், அக்கம்பக்கத்துக் காணிக்காரர்களை வைத்து விலை மதித்து, அறிவிப்புப் போட வேண்டும். நிறம், வயது, எத்தனை கை உயரம், நெற்றியில் சுட்டி, எந்தக் காலில் வெள்ளை, எங்கே சேணத் தழும்பு, மதிப்பு இத்தனை டாலர். உடையவர் வந்து, உடைமை என்று நிரூபித்து, செலவைக் கட்டி, ஓட்டிக்கொண்டு போகலாம். அதற்கு இரண்டு அங்குலம் கீழே ஜெயிலர் போட்ட அறிவிப்பு. ஒரு கறுப்பினத்தவரைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறோம். நிறம், வயது, உயரம், எங்கே தழும்பு, எந்தக் காதில் வெட்டு, என்ன சட்டை. இன்னாருக்குச் சொந்தம் என்கிறான். உடையவர் வந்து, உடைமை என்று நிரூபித்து, செலவைக் கட்டி, கொண்டு போகலாம். ஒரே வாசகம். முதல் அறிவிப்பில் விலங்கு, இரண்டாவதில் மனிதர், நடுவில் எழுத்துக்கூட மாறவில்லை. கெடு தாண்டியும் யாரும் வராவிட்டால் ஜெயில் செலவுக்காகச் சட்டப்படி விற்றுவிடுவார்கள். தான் சுதந்திரமானவன் என்று அவர் சொன்னாலும், கையில் காகிதம் இல்லையென்றால் அதே கதிதான்.

ஓடிப்போன அடிமைகளைப் பற்றிய பரிசு அறிவிப்புகளில் ஓரமாக ஒரு சின்னப் படம் இருக்கும், தோளில் மூட்டை தொங்கும் கம்போடு நடக்கிற ஆள். எழுத்து வார்ப்புக் கம்பெனிகள் அதையும் ரெடிமேடாக விற்றன, வீடு, கப்பல், குதிரைப் படங்களோடு சேர்த்து. எந்த ஊர்ப் பத்திரிகையானாலும் இந்த உருவம்தான். 1804-இல் நாஷ்வில்லின் டென்னசி கெசட்டில் ஆண்ட்ரூ ஜாக்சன் கொடுத்த அறிவிப்பு பிரசித்தம்: ஓடிப்போன முப்பது வயதுக்காரரைப் பிடித்துக் கொடுத்தால் 50 டாலர், கூடவே யாராவது அவருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு 100 கசையடிக்கும் 10 டாலர் மேற்கொண்டு, 300 அடி வரைக்கும். அந்த ஜாக்சன் 1829-இல் ஜனாதிபதியானார். ஹன்ட்ஸ்வில்லில் அவருக்குப் பெரிய வரவேற்பு எப்போதும் உண்டு, இங்கே கிரீன் பாட்டம் என்ற விடுதியின் பந்தயத் திடலில் அவர் குதிரைகள் ஓடியிருக்கின்றன.

இந்த அறிவிப்புகளை எழுதியவர்கள் அடையாளம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று, எவ்வளவு வேகமாகப் பேசுவார், வயலின் வாசிப்பாரா, செருப்புத் தைப்பாரா, படிக்கத் தெரியுமா, மனைவி எந்தக் கவுண்டியில் இருக்கிறார் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். பலருக்கு இதைத் தவிர வேறு எந்தப் பதிவும் உலகத்தில் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 'ஃப்ரீடம் ஆன் த மூவ்' என்று இவற்றைத் திரட்டி ஒரு தரவுத்தளம் நடத்துகிறார்கள், ஆர்வம் இருப்பவர்கள் பாருங்கள்.

ராத்திரி தம்பி மனைவி ரசம் வைத்திருந்தாள். சாப்பிட்டேன், பேச்சு வரவில்லை.

வெள்ளி

இன்று வியாபாரம். காலையில் டிட்டோ லேண்டிங் போனோம், ஊருக்குத் தெற்கே டென்னசி ஆற்றங்கரை. இப்போது படகுத்துறை, கூடாரம் போடுகிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள். அப்போது ஹன்ட்ஸ்வில்லின் பருத்தி இங்கிருந்துதான் தட்டைப் படகுகளில் கிளம்பும். போகிற வழியில் மஸ்ஸல் ஷோல்ஸ் என்ற பாறைத் திட்டுகள், தண்ணீர் ஏறியிருக்கும் பருவத்தில்தான் தாண்ட முடியும், பிறகு ஒஹாயோ, மிசிசிப்பி, கடைசியில் நியூ ஆர்லியன்ஸ். அதனால் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதே அன்றைக்கு வணிகச் செய்தி. நியூ ஆர்லியன்ஸ் பருத்தி விலை இங்கே அச்சாகும்போது பல வாரப் பழசு. ஆற்றை நம்பிக்கொண்டே இருக்க முடியாது என்று தாமஸ் ஃபியர்ன் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் பிக் ஸ்பிரிங் தண்ணீரையே கால்வாயாக்கி ட்ரயானா வரை கொண்டுபோய் ஆற்றில் சேர்க்கக் கம்பெனி தொடங்கினார்கள், 1820-இல் சட்டமன்ற அனுமதி, வெட்டி முடிக்கப் பத்து வருஷம் போலப் பிடித்தது. ஊர்ப் பூங்காவில் அந்தக் கால்வாயின் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது.

1818-இல் இங்கே நில ஏலம் உச்சத்தில் இருந்தது. ஜார்ஜியா, வர்ஜீனியா, டென்னசியிலிருந்து தோட்டக்காரர்களும் தரகர்களும் வந்து குவிந்தார்கள். பருத்தி பவுண்டு 30 சென்டைத் தாண்டிய சமயம், கால் பங்கு கட்டினால் நிலம் கைக்கு வரும், மீதியைப் பருத்தி கட்டிவிடும் என்று கணக்கு. ஊரிலேயே ஒரு வங்கி, பிளான்டர்ஸ் அண்ட் மெர்ச்சன்ட்ஸ் பேங்க், தலைவர் வேறு யார், லீராய் போப்தான். அதே 1818-இல் வட்டிக்கு உச்சவரம்பை எடுத்துவிட்டு ஒரு சட்டம் வந்தது, கடன் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் எந்த வட்டியும் செல்லும். நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர்கள் கேட்டால் கண்ணீர் விடுவார்கள். அடுத்த வருஷமே அதை ரத்து செய்தார்கள். ஆனால் அந்த இடைவெளியில் எழுதின பத்திரங்கள் மேல் பல வருஷம் கேஸ் நடந்தது, பாதி ஊர் வாதி, பாதி ஊர் பிரதிவாதி.

1819-இல் பருத்தி விலை பாதியாக விழுந்தது. அப்புறம் விளம்பரப் பக்கத்தைப் பார்த்தாலே போதும், பொருளாதார நிபுணர் யாரும் விளக்க வேண்டாம். புதுச்சரக்கு விளம்பரங்கள் சுருங்குகின்றன, பாக்கியை உடனே செலுத்தாவிட்டால் வக்கீலிடம் போகும் என்கிற வணிகர் அறிவிப்புகள் கூடுகின்றன, கூட்டு வியாபாரங்கள் 'பரஸ்பர சம்மதத்தால்' கலைகின்றன, பின்னால் ஷெரீஃப் ஏலம். இன்ன டிக்ரியை, அதாவது கோர்ட் தீர்ப்பை, நிறைவேற்ற, கோர்ட் வாசலில், ரொக்கத்துக்கு: இத்தனை ஏக்கர், ஒரு வண்டி, இத்தனை மாடு, இத்தனை ஆட்கள், பெயரோடு. எஜமான் பட்ட கடனுக்கு ஜப்தியாகிப் பிள்ளை ஒரு ஏலக்காரனுக்கும் தாய் இன்னொருவனுக்கும் போனதெல்லாம் இந்த நாலு வரிக்குள்தான் நடந்தது. போப்பின் வங்கி 1820-இல் தன் நோட்டைக் கொண்டுவந்தவர்களுக்குப் பதிலாக தங்க, வெள்ளி நாணயம் தருவதை நிறுத்தியது, 1825-இல் மூடப்பட்டது. நாடு முழுவதும் அரசுக்கு நிலக் கடன் பாக்கி சுமார் 2.2 கோடி டாலர், அதில் பாதிக்குப் பக்கம் அலபாமா ஒன்றே கட்ட வேண்டியது. கடைசியில் 1820-இல் தவணை முறையையே ஒழித்து, ஏக்கருக்கு 1.25 டாலர், முழுத் தொகை ரொக்கம் என்றாக்கினார்கள். 1821-இல் ஒரு நிவாரணச் சட்டம்: நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டின பணத்தை மீதிக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர் ஹன்ட்ஸ்வில்காரரான செனட்டர் ஜான் வாக்கர், பட்டறையில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர். பெரிய கடன்காரனுக்கு அரசு நிவாரணம், கோர்ட் வாசலில் பெயரோடு ஏலம் போனவர்களுக்கு எதுவுமில்லை.

மதியம் சதுக்கத்துக்கு வந்தால், நம்ப மாட்டீர்கள், கோர்ட் வாசலில் ஏலம். அலபாமாவில் வீட்டுக்கடன் கட்டாவிட்டால் கோர்ட் உத்தரவுகூட வேண்டாம், அடமானப் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் எழுதியிருந்தால் போதும், வாரம் ஒரு முறை மூன்று வாரம் பத்திரிகையில் அறிவித்துவிட்டு கோர்ட்டின் பிரதான வாசலில் பகிரங்க ஏலம். கையில் காகிதக் கட்டோடு ஒருவர் வந்தார், சட்டைப் பையில் பேனா, மணி பார்த்தார், நின்று கொண்டு மள மளவென்று வாசிக்க ஆரம்பித்தார், மனை எண், மனை வரைபடப் புத்தக எண், பக்கம் என்று. கேட்டவர்கள் நான், தம்பி, படியில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா. ஏலம் கேட்டவர் ஒருவருமில்லை, கடன் கொடுத்த தரப்பின் தொகையையே அவரே சொல்லி, அவர்களுக்கே முடித்தார். அடுத்த வீடு, அடுத்த காகிதம். என் சர்வீஸில் நான் பார்த்த கோர்ட் ஏலங்களில் சிண்டிகேட் போட்டு விலையை அமுக்குகிறவர்களாவது பத்துப் பேர் நிற்பார்கள். முடித்துவிட்டு அவர் காரை நோக்கி நடந்தபோது பேச்சுக் கொடுத்தேன், குடியிருந்த வீடென்றால் பொதுவாக 180 நாளுக்குள் பணத்தைக் கட்டி மீட்கலாம் என்றார். எத்தனை பேர் மீட்கிறார்கள் என்றேன். சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சனி

ஊரின் வடமேற்கில் ஓக்வுட் பல்கலைக்கழகம், 1896-இல் தொடங்கிய கறுப்பினத்தவர் கல்வி நிலையம். அதன் வளாகம் இருக்கும் நிலம் 1818 வாக்கில் பீட்டர் பிளோ என்பவரின் பருத்திப் பண்ணை. பிளோ கூட்டிவந்த அடிமைகளில் ஒருவர் டிரெட் ஸ்காட். சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். விவசாயம் சரிப்படாமல் பிளோ இரண்டு மூன்று வருஷத்தில் ஃப்ளோரன்ஸ் ஊருக்குப் போய் விடுதி நடத்தினார், பிறகு செயின்ட் லூயிஸ். அங்கேதான் ஸ்காட் 1846-இல் தன் விடுதலைக்கு வழக்குப் போட்டார். 1857-இல் உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் குடிமக்களே இல்லை, ஆகவே வழக்குப் போடவே உரிமையில்லை என்றது. அதே 1857-இல் தாயோடும் சகோதரர்களோடும் ஹன்ட்ஸ்வில்லுக்கு விற்பனைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவன் வில்லியம் ஹூப்பர் கவுன்சில். அவர் 1875-இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அலபாமா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ஜாக்சன் குதிரை ஓடின கிரீன் பாட்டம் இருந்த இடத்தில் நிற்கிறது. இரண்டு வளாகத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம், வெயிலுக்கு முன்னால் போங்கள்.

1879 முதல் 1894 வரை சார்லஸ் ஹெண்ட்லி என்ற கறுப்பினத்தவர் 'ஹன்ட்ஸ்வில் கெசட்' என்ற வாரப் பத்திரிகை நடத்தினார். வலைத்தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதே காலத்தில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு தேவாலயப் பத்திரிகை, சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட், 'தொலைந்த நண்பர்கள்' என்று ஒரு பத்தி போட்டது. அடிமை விற்பனையில் பிரிக்கப்பட்ட தாயை, அண்ணனைத் தேடுகிறவர்கள் 50 சென்ட் கட்டி எழுதலாம், சந்தாதாரருக்கு இலவசம். பாதிரியார்கள் பிரசங்க மேடையிலிருந்து அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று மேலேயே அச்சிட்டிருப்பார்கள், எழுத்தறியாதவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று. அந்த அறிவிப்புகளில் முகவரியாக என்ன எழுதினார்கள் தெரியுமா? என் அம்மா இன்னாருக்குச் சொந்தமாக இருந்தாள், இன்ன வியாபாரி வாங்கினான், இன்ன கவுண்டியில் விற்றான். பழைய எஜமானின் பெயரைச் சொல்லாமல் சொந்தத் தாயைத் தேட வழியில்லை. தேடப்பட்டவர்கள் பலர் முன்பு ஷெரீஃப் ஏல வரிகளுக்குள் பெயராக மட்டும் வந்துபோனவர்கள்தான்.

ஊரின் பெரிய பத்திரிகையான ஹன்ட்ஸ்வில் டைம்ஸ் 2023 பிப்ரவரியோடு அச்சை நிறுத்திவிட்டது, இணையத்தில் மட்டும். ஆனால் சட்ட அறிவிப்புக்கு அச்சுத்தாள் வேண்டும். இப்போது இந்த ஊரில் அந்த அறிவிப்புகளைப் பெருமளவில் போடும் பத்திரிகைகளில் ஒன்று 'ஸ்பீக்கின் அவுட் நியூஸ்', 1980-இல் தொடங்கிய கறுப்பினத்தவர் வார இதழ். சாயங்காலம் ஒரு பிரதி கிடைத்தது. நாலாம் பக்கமில்லை, உள்ளே பல பக்கம் பொடி எழுத்தில் அறிவிப்புகள்: அடமான ஏலம், இறந்தவர் சொத்து, டெண்டர். சோபாவில் உட்கார்ந்து பேனாவால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்ய வாயெடுத்தவன், ஒரு இடத்தில் விரலை வைத்தான். அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தை வணிக மண்டலமாக மாற்றக் கேட்டு மனு, பொது விசாரணை வருகிற வியாழக்கிழமை மாலை, ஆட்சேபம் இருந்தால் நேரில் வரலாம். வாங்கும்போது அங்கே பூங்கா வரும் என்று சொல்லித்தான் விற்றார்களாம். இப்போது அவனும் பக்கத்து வீட்டுக்காரரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆட்சேப மனுவை எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறான். இந்த ஊரில் எனக்கு வக்காலத்துப் போட லைசென்ஸ் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் வரைவு தயார்.